கைராசிக்காரர்: தமிழ்நாட்டுக் குடும்ப டாக்டரின் வரலாறு

காய்ச்சலோ கழிச்சலோ வந்தால் முதலில் யாரிடம் போவது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் நெடுங்காலம் சொல்லிவந்த விடை ஒரே சொல்லில் அடங்கும்: கைராசி. 'அவர் கை பட்டால் சரியாகிவிடும்' என்று பெயர் எடுத்தவரே அந்த வீட்டின் டாக்டர். நாட்டு வைத்தியர் காலத்தில் பிறந்த இந்த அளவுகோல், ஆங்கில மருத்துவம் வந்த பிறகும் மாறவில்லை. ஸ்டெதாஸ்கோப் மாட்டியவரையும் மக்கள் அதைக் கொண்டே எடைபோட்டார்கள்.

ஆங்கில மருத்துவம் வருவதற்கு முன், தேர்ந்தெடுப்பது என்ற பேச்சுக்குக் கிராமத்தில் பெரிய இடம் இல்லை. சித்த வைத்தியம் பெரும்பாலும் குடும்பத் தொழில். ஏட்டுச் சுவடியும் மருந்துச் செய்முறையும் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போயின. கட்டி கீறுவது, புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவது போன்ற வேலைகளை முடிதிருத்தும் குடும்பத்து ஆண்களும், பிரசவத்தை அந்த வீட்டுப் பெண்களும் பார்த்தார்கள். அந்தப் பெண்ணுக்கு மருத்துவச்சி என்று பெயர். அந்தச் சமூகத்துக்கே பல வட்டாரங்களில் மருத்துவர் என்ற பெயர் உண்டு. பரியாரி என்ற சொல் தமிழ்நாட்டின் தென்பகுதியில் முடிதிருத்துபவரையும் யாழ்ப்பாணத்தில் வைத்தியரையும் குறிப்பது இரண்டு தொழில்களும் ஒட்டிக் கிடந்த காலத்தின் தடயம். கூலி அறுவடைக் களத்தில் நெல்லாக அளக்கப்பட்டது. நோய் வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் பங்கு அது. வைத்தியரை மாற்றுவதென்றால் ஊரின் ஏற்பாட்டையே மாற்ற வேண்டியிருந்தது.

கம்பெனி அரசு 1835இல் சென்னையில் தொடங்கிய மருத்துவப் பள்ளி வீடுகளுக்கு டாக்டர் தருவதற்காக ஏற்பட்டதல்ல. படைக்கும் அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் தேவைப்பட்ட அப்போத்திக்கரிகளையும் டிரசர்களையும் பயிற்றுவிப்பதே அதன் வேலை. 1850இல் அது கல்லூரியானது. அதில் படித்து வந்தவர்கள் நெடுங்காலம் சம்பளக்காரர்களாகவே இருந்தார்கள்; சொந்தமாகத் தொழில் நடத்தியவர்களையும் பெரிய நகரங்களில்தான் பார்க்க முடிந்தது.

கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் வேறொரு முயற்சி நடந்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன் 1847இல் அங்கே வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். ஆங்கிலத்தில் படித்த மாணவர்கள் அரசு வேலைக்குப் போய்விடுவதைக் கண்டு, 1864 முதல் தமிழிலேயே பாடம் நடத்தினார். அதற்காக உடற்கூறு, அறுவை, பிரசவம் பற்றிய நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். தமிழில் படித்தவர் கிராமத்திலேயே தங்கி, அங்குள்ளவர் தரும் காசில் பிழைப்பார் என்பது அவர் கணக்கு. குடும்ப டாக்டர் என்ற ஆளை மனத்தில் வைத்தே பாடத்திட்டம் வகுத்தவர் என்று, தமிழ் வழங்கும் நிலங்களில், அவரையே முதலில் சொல்லவேண்டும்.

சென்னை மாகாணத்தில் அந்த ஆள் உருவானது எல்.எம்.பி. என்ற மூன்றெழுத்தால். பட்டப் படிப்பைவிடக் குறுகிய காலத்தில், குறைந்த செலவில் முடிக்கக்கூடிய உரிமப் படிப்பு அது. ராயபுரம் மருத்துவப் பள்ளி அதற்குப் பேர்போனது; பின்னாளில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது அதுவே. வேலூரில் ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்காகத் தொடங்கிய பள்ளியும் எல்.எம்.பி.க்களையே பயிற்றுவித்தது. 1914ஆம் ஆண்டின் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் பதிவேட்டில் பெயர் உள்ளவர், இல்லாதவர் என்று ஒரு கோடு கிழித்தது. வைத்தியர்கள் கோட்டுக்கு வெளியே நின்றார்கள். அவர்கள் தரப்பை ஆராய 1921இல் முகமது உஸ்மான் தலைமையில் குழு அமைந்தது. அதைத் தொடர்ந்து வந்த இந்திய மருத்துவப் பள்ளி சித்தம், ஆயுர்வேதம், யுனானியோடு உடற்கூறும் அறுவையும் சேர்த்துக் கற்பித்து எல்.ஐ.எம். என்ற தகுதியைத் தந்தது. 1960இல் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி எழுந்தது அந்தப் பள்ளியின் வழியில்தான். நோயாளிகளோ எல்.எம்.பி.க்கும் எல்.ஐ.எம்.முக்கும் பெரிய வேறுபாடு பார்க்கவில்லை. பெயர்ப்பலகையில் கடைசி எழுத்துகளைப் படித்துவிட்டு உள்ளே போனவர்கள் குறைவு.

கடைத்தெருவில் ஓர் அறை அல்லது வீட்டுத் திண்ணையை ஒட்டிய முன்கூடம். நோயாளிகளுக்கு ஒரு பெஞ்சு. தட்டியால் மறைத்த மூலையில் கம்பவுண்டர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குடும்ப டாக்டரின் டிஸ்பென்சரி இப்படித்தான் இருந்தது. கம்பவுண்டர் இல்லாமல் அது நடக்காது. பெரிய ஜாடிகளில் கலந்து வைத்த மிக்சரை, நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலில் ஊற்றித் தருவார். வேளைக் கணக்குக்காகக் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டிப் பாட்டிலின் பக்கத்தில் ஒட்டுவார். ஒரு வெட்டுக்கு ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அளவு தவறாது. வயிற்றுக்குக் கார்மினேட்டிவ், நீர்க்கடுப்புக்கு ஆல்கலைன், தொண்டைக்கு அயோடின் பூச்சு, இவை போக மடித்த காகிதத்தில் பொடி. 1948ஆம் ஆண்டின் பார்மசிச் சட்டம் மருந்து கலக்கும் உரிமையைப் பதிவு பெற்ற மருந்தாளுநருக்கு ஒதுக்கியபோதும், டாக்டர் தம் நோயாளிக்குத் தாமே மருந்து தருவதற்கு விலக்கு அளித்தது. கம்பவுண்டர் மேலும் சில பத்தாண்டுகள் தட்டிக்குப் பின்னால் நின்றது அந்த விலக்கின் நிழலில்.

பல இடங்களில் ஆலோசனைக்குத் தனிக் கட்டணம் கிடையாது. கொடுப்பது மருந்துக் காசு; டாக்டரின் அறிவுக்கான விலை மிக்சரின் விலைக்குள் கரைந்திருந்தது. ஊசியும் மாத்திரையும் வந்த பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. 'ஊசி போடாமல் அனுப்பிவிட்டார்' என்று குறைப்பட்ட நோயாளியைச் சமாளிக்க, தேவையில்லாத பி காம்ப்ளக்ஸ் ஊசியைப் போட்டனுப்பிய டாக்டர்கள் பலர். நோயாளி டாக்டரைத் தேர்ந்தெடுத்ததோடு நிற்காமல் வைத்தியத்தையும் ஓரளவு தேர்ந்தெடுத்தார் என்பதற்கு இது சாட்சி. சாப்பாட்டு விஷயத்திலும் அப்படியே. சித்த வைத்தியரின் பத்தியத்துக்குப் பழகிய வீட்டார் ஆங்கில டாக்டரிடமும் 'என்ன கொடுக்கலாம்?' என்று கேட்காமல் எழுந்ததில்லை. கஞ்சி, ரொட்டி, பால் என்று அவர் சொன்னார். தமிழ்நாட்டில் ரொட்டி வெகுகாலம் காய்ச்சல்காரர் உணவாகவே கருதப்பட்டதற்கு இந்த வாய்மொழிச் சீட்டுக்கும் பங்குண்டு.

டாக்டரின் வேலை நோயோடு முடியவில்லை. மாமியாரின் ஆஸ்துமா, மருமகளின் பிரசவம், கடைக்குட்டியின் வலிப்பு எல்லாம் ஒரே தலைக்குள் இருந்தன. எழுதி வைத்த கோப்பு அரிது. தம்மால் முடியாததை அறிந்து, 'ஜி.எச்.சுக்குக் கூட்டிப் போங்கள்' என்று சொல்லி, அங்கே இருக்கும் தம் வகுப்புத் தோழருக்கு ஒரு கடிதமும் கொடுப்பார். பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை என்று சொன்னால், செய்யலாமா வேண்டாமா என்று கேட்கக் குடும்பம் மறுபடி அவரிடமே வரும். கைராசி என்ற சொல்லின் பெரும்பகுதி இந்தத் தீர்ப்பறிவுதான். யாரைத் தம்மிடம் வைத்துக்கொள்வது, யாரை உடனே அனுப்புவது என்று தெரிந்தவரிடம் சாவு குறைவாகவே நிகழும். ராசி வளரும்.

வைத்தியத்துக்கு எங்கே போவது என்று ஏட்டில் எழுதி வைக்கும் முறை முக்கியமாகத் தொழிலாளிக்கு வந்தது. ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் 1955இல் கோயம்புத்தூரில் தொடங்கியபோது, ஆலைத் தொழிலாளிக்கு டிஸ்பென்சரி பெயரோடு அட்டை கிடைத்தது. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு அப்படியொரு பதிவு இல்லை.

எல்.எம்.பி.யின் முடிவை எழுதியது நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழு 1946இல் வெளியிட்ட அறிக்கை. அப்போது பிரிட்டிஷ் இந்தியாவில் பதிவு பெற்றிருந்த 47,524 மருத்துவர்களில் 29,870 பேர் உரிமப் படிப்புக்காரர்கள். இருவகை டாக்டர் வேண்டாம், எல்லாரும் ஒரே தரத்தில் பட்டம் பெற்ற அடிப்படை மருத்துவராக இருக்கட்டும் என்றது குழு. ஆள் பற்றாக்குறையைக் காட்டி உறுப்பினர்கள் சிலர் மறுப்பு எழுதினார்கள், எடுபடவில்லை. நோக்கம் உயர்ந்ததே. ஆனால் ஊர்ப்பக்கம் போகத் தயங்காத வகுப்பு மறைந்தது, புதிய எம்.பி.பி.எஸ். சில பத்தாண்டுகளில் மேற்படிப்புக்கான வாசற்படியானது. 'வெறும் எம்.பி.பி.எஸ்.தான்' என்ற பேச்சு தமிழில் புழங்கத் தொடங்கியதே ஒரு தொழிலின் சரிவைச் சொல்லிவிடுகிறது. அந்த இடைவெளியில் நுழைந்தவர்களில், எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் ஆர்.எம்.பி. என்று போட்டுக்கொண்டவர்களும் உண்டு. அந்த எழுத்துகளின் விரிவு 'பதிவு பெற்ற மருத்துவர்' என்பது.

1980களில் மாற்றம் வேகம் பிடித்தது. 1983இல் சென்னையில் அப்பல்லோ திறந்தது; கம்பெனி நடத்தும் ஆஸ்பத்திரி என்ற வகை அதோடு வந்தது. 1986இல், இந்தியாவிலேயே முதன்முதலாக, சென்னையில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. அந்த அச்சம் பரவப் பரவ, அடுப்பில் கொதித்த கண்ணாடி ஊசியின் இடத்துக்கு ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசி வந்தது. 1995இல் உச்ச நீதிமன்றம் காசு வாங்கும் மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. வழக்குக்கு அஞ்சிய டாக்டர், முன்பு கை பிடித்துப் பார்த்துச் சொன்னதைப் பரிசோதனை எழுதிச் சொன்னார். பழைய பரிந்துரைக் கடிதமும் தன்மை மாறியது: அனுப்பியவருக்குக் கமிஷன் என்ற வழக்கம் பரவியது. 2002ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிகள் அதை வெளிப்படையாகத் தடைசெய்ய வேண்டியிருந்ததே வழக்கத்தின் வேரைக் காட்டும். எங்கே போகலாம் என்று கேட்ட குடும்பத்துக்கு, சொல்பவர் யார் பக்கம் என்ற ஐயம் வந்துவிட்டது.

பழைய வகை முற்றாக அழிந்துவிடவில்லை. வடசென்னையில் வியாசர்பாடியின் திருவேங்கடம், வண்ணாரப்பேட்டைப் பகுதியின் ஜெயச்சந்திரன் ஆகிய இருவரும் அந்த வகையினர். முன்னவர் 2 ரூபாயில் தொடங்கி '5 ரூபாய் டாக்டர்' என்றே அறியப்பட்டார். ஜெயச்சந்திரன் 2018இலும் திருவேங்கடம் 2020இலும் காலமானபோது தெருவே அழுதது. செய்தித்தாள்கள் கட்டணத்தைத் தலைப்பாக்கின. கூட்டத்தைச் சேர்த்தது கட்டணம் மட்டுமல்ல, நாற்பது ஆண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்ததும்தான்.

2009இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய காப்பீட்டுத் திட்டம் ஆஸ்பத்திரியில் படுத்துச் செய்யும் பெரிய சிகிச்சைகளுக்கானது. காய்ச்சலுக்குத் தெரு டாக்டரிடம் போகும் செலவு அதில் சேரவில்லை. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களின் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. பையோடு படியேறுபவர் இப்போது பெண் சுகாதாரத் தன்னார்வலர். அவரை அந்த வீடு தேர்ந்தெடுப்பதில்லை. பட்டியலில் உள்ள தெருவின்படி அவர் வருகிறார்.