கலாபக் காலத்து விதைநெல்

உலகம் இன்று இருப்பதுபோலவே நாளையும் இருக்கும் என்னும் நம்பிக்கையில்தான் நாம் ஒவ்வோர் இரவும் கண்ணயர்கிறோம். விளக்கு எரியும், கடையில் அரிசி கிடைக்கும், நோயென்றால் மருத்துவர் இருப்பார், ஞாயிறன்று கோயில் மணி ஒலிக்கும். இவை அனைத்தும் ஒருசேர நின்றுபோனால் மனிதர் எதைக்கொண்டு உயிர் பிழைப்பர் என்னும் வினா, கதை எழுதுவோர்க்கு உரியது என்று பலர் எண்ணக்கூடும். தஞ்சை மண்ணுக்கோ அது கதையன்று. ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன் அது இங்கே நடந்தது. நம் முன்னோர் அதனை 'ஐதர் கலாபம்' என்று அழைத்தனர்.

1780ஆம் ஆண்டு சூலை மாதம் மைசூர் வேந்தர் ஐதர் அலியின் பெரும்படை கருநாடகச் சமவெளியில் இறங்கியது. அடுத்த ஆண்டு அது காவிரிப் படுகைக்குள் புகுந்தது. தஞ்சைக் கோட்டையைத் தவிர, சீமையின் பெரும்பகுதி அப்படையின் கைக்குள் வந்தது. 1782 பெப்ரவரியில் கும்பகோணத்தை அடுத்த அன்னக்குடியில், கர்னல் பிரெய்த்வெயிட்டின் ஆங்கிலப் படையைத் திப்பு முறியடித்தார். அவ்வாண்டு திசம்பரில் ஐதர் மறைந்தார். எனினும் 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கை கையெழுத்தாகும்வரை போர் ஓயவில்லை.

இதனை எந்த ஒரு சமயத்தார் மீதும் பழி சுமத்துவதற்காக எழுதவில்லை. கலாபத்துக்கு முன்பே, 1773இல், ஆர்க்காட்டு நவாபு முகமது அலி ஆங்கிலக் கும்பினிப் படையின் துணையோடு தஞ்சையைக் கைப்பற்றியிருந்தார். 1776இல் துளசா மன்னருக்கு நாடு திரும்பக் கிடைத்தபோது கருவூலமும் குடிகளும் ஒருங்கே வற்றிப்போயிருந்தனர். எந்தக் கொடியின் கீழ் வந்த படையாயினும் தஞ்சை வயலை ஒரே கண்ணால்தான் பார்த்தது. எதிரிக்குச் சோறு போடும் களஞ்சியம் அது, ஆகவே அதனை எடுத்துக்கொள்ள வேண்டும், இயலாவிடின் அழிக்க வேண்டும். களத்துநெல் போயிற்று, உழவு மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. ஆற்றுக் கரைகளும் மதகுகளும் உடைபட்டன. மக்களில் பலர் மாண்டனர், பலர் சிறைப்பட்டுச் சென்றனர், எஞ்சியோர் ஊரைவிட்டு ஓடினர். விளைச்சல் முன்பிருந்ததில் ஒரு சிறு பங்காகச் சுருங்கியது.

இந்த இருளில் வரலாறு நமக்குக் காட்டும் ஒரு மனிதர் சுவார்ட்சு ஐயர். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். பிரசியாவில் 1726இல் பிறந்து, 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1798இல் தஞ்சையிலேயே கண்மூடிய லுத்தரன் மறைப்பணியாளர் அவர். பிரிந்த சகோதரரிடமிருந்தும் பாடம் கற்கலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. ஆகையால் அவரிடம் செல்வோம்.

கோட்டைக்குள் மக்கள் பசியால் மடிந்துகொண்டிருந்தனர். கோட்டைக்கு வெளியே நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. அதைக் கொண்டுவர மாடுகள் இல்லை. மாடு வைத்திருந்த குடிகளோ வர மறுத்தனர். ஏனெனில், முன்பு கூலியின்றி அவர்களுடைய மாடுகள் பறிக்கப்பட்டிருந்தன. அரசரின் ஓலைக்கும் கும்பினியின் ஆணைக்கும் அசையாத அவர்கள், 'என் கையாலேயே கூலி தருவேன்' என்று சுவார்ட்சு எழுதி அனுப்பியதும் வந்தனர். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் சேர்ந்தன. அவ்வகையில் எண்பதாயிரம் கலம் நெல் கோட்டைக்குள் வந்ததாக அவருடைய கடிதம் கூறுகிறது. ஒரு கலம் என்பது பன்னிரண்டு மரக்கால்.

போர் முடிந்த பின்னும் துன்பம் முடியவில்லை. அரசு அலுவலரின் கொடிய வரிவசூலுக்கு அஞ்சிப் பல்லாயிரம் உழவர்கள் சீமையை விட்டே வெளியேறினர். அவர்களைத் திரும்ப அழைக்கும் பொறுப்பும் சுவார்ட்சிடமே வந்தது. நீதி கிடைக்கும் என்று அவர் வாக்களித்தார். ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பினர். சூனில் தொடங்க வேண்டிய உழவு செப்டம்பர் பிறந்தும் தொடங்கப்படாமல் கிடந்தது. காலம் கடந்துவிட்டதே என்று அவர் கவலையுற்றபோது, இரவும் பகலும் உழைத்து ஈடுசெய்வோம் என்று அவர்கள் உறுதி கூறினர். உறுதிப்படியே செய்தனர். அவ்வாண்டு விளைச்சல் முந்திய ஆண்டினும் மிகுந்தது.

இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு மனிதரின் வாக்கு அவர்களைத் திரும்ப அழைத்தது உண்மை. ஆனால் வாக்கு நெல்லாக விளைவதில்லை. திரும்பி வந்த ஏழாயிரம் பேரும் தம்மோடு எதைக் கொண்டுவந்தனர்? மாடும் ஏரும் பணமும் பலரிடம் இருந்திரா. எந்தப் படையாலும் பறிக்க முடியாத ஒன்று மட்டும் அவர்கள் கைகளில் இருந்தது. அது தொழில் அறிவு.

காவிரிப் படுகையில் நெல் விளைவிப்பது தனியொருவர் வேலையன்று. வெள்ளம் வருமுன் வாய்க்காலில் தூர் வார வேண்டும். கரை உடைந்தால், மூங்கில் முளைகளை நெருக்கமாக அடித்து, இடையில் நாணலும் வைக்கோலும் செருகி, களிமண்ணை மிதித்து அடைக்க வேண்டும். எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் நீர் விடுவது என்பதை ஊரே ஒப்பிய முறைப்படி நடத்த வேண்டும். இப்பொது உழைப்புக்குக் குடிமராமத்து என்று பெயர். மழைக்காலத்து நள்ளிரவில் கரை உடைந்தது என்ற குரல் கேட்டதும் மண்வெட்டியோடு ஓடுவது அன்று ஊர் வழக்கம். ஆங்கில அரசு 1858இல் இத்தகைய உழைப்பைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது. வழக்கம் தளர்ந்த இடத்தில்தான் சட்டம் தேவைப்படுகிறது.

இந்த அறிவின் ஆழத்துக்குக் கல்லணையே சான்று. அடியாழம் காண முடியாத தளர்ந்த மணலில் அடித்தளம் இடுவது எப்படி என்பதை இந்நாட்டுப் பழம் பொறியாளரிடமிருந்தே கற்றதாக, 1836இல் முக்கொம்பில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டன் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

அடுத்தது விதை. நன்கு விளைந்த கதிரைத் தேர்ந்து, கலப்பில்லாமல் அடித்து, பதமாக உலர்த்தி, நொச்சி இலையும் வேப்பிலையும் இட்டுக் குதிரிலோ, வைக்கோற்பிரி சுற்றி மண்ணும் சாணமும் பூசிய சேரிலோ வைப்பது நம் வீட்டுப் பெண்கள் கைவந்த கலை. பசி எவ்வளவு முறுக்கினாலும் விதைநெல்லில் கை வைக்கலாகாது என்பது உழவர் குடியின் முதற் கட்டளை. ஆனால் விதைநெல்லைப் பூட்டி வைத்தாலும் அது பிழைக்காது. நம் ஈரக் காற்றில் ஓரிரண்டு ஆண்டுக்கு மேல் அதன் முளைப்புத் திறன் நிற்பதில்லை. ஆண்டுதோறும் அதை மண்ணில் போட்டு, மீண்டும் கதிராக எடுத்தால்தான் அவ்வினம் வாழும். இரண்டு பருவம் தவறினால், பல நூற்றாண்டு வயதுடைய நெல்லினம் ஒன்று சத்தமின்றி மறைந்துவிடும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த அறிவின் பெரும்பகுதி நிலம் உடையோரிடம் இருக்கவில்லை. சேற்றில் நின்று கரை அடைத்தவரும், நாற்றுப் பறித்து நட்டவரும், ஊர்ப்புறத்தே ஒதுக்கப்பட்டு, நிலத்தோடு அடிமைகளாகப் பிணைக்கப்பட்டிருந்த மக்களே. பஞ்சம் வந்தபோது எந்தக் குளத்தில் அல்லிக்கிழங்கும் கொட்டிக்கிழங்கும் கிடைக்கும், எந்தக் கீரை உடலுக்கு ஆகும், வயலில் எலி வளையை எங்கே வெட்டினால் எலி சேர்த்த நெல் அகப்படும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். வறுமை கற்பித்த அறிவு அது. மேலே இருந்தோர் இழிவென்று ஒதுக்கிய அவ்வறிவுதான் ஊர் சரிந்தபோது உயிர் காத்தது. கட்டுவோர் விலக்கிய கல்லைப் பற்றித் திருமறையில் படித்திருக்கும் நாம் இதைக் கண்டு வியக்க வேண்டியதில்லை. வெட்கப்பட வேண்டும்.

வயலில் இவ்வாறு நடந்த அதே காலத்தில், நம் திருச்சபையிலும் ஒரு சரிவு நிகழ்ந்துகொண்டிருந்தது. 1606இல் இராபர்ட் தெ நொபிலி தொடங்கிய மதுரை மறைப்பணித் தளத்தின் பரப்பில் தஞ்சைச் சீமையும் அடங்கும். அப்பணியை நடத்திய இயேசு சபையை 1759இல் போர்த்துக்கல் அரசு தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து துரத்தியது. 1773இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெந்து அச்சபையையே கலைத்தார். முதிய குருக்கள் ஒவ்வொருவராக மறைந்தனர். அவர்கள் இடத்துக்கு வர ஆளில்லை. கோவாவிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த குருக்கள் மிகச் சிலரே. மீண்டும் நிறுவப்பட்ட இயேசு சபையினர் இப்பகுதிக்குத் திரும்பியது 1838இல்தான். இடையே இரண்டு தலைமுறைகள் கடந்திருந்தன.

அந்நாள்களில் பல ஊர்களில் ஆண்டுக்கணக்கில் திருப்பலி இல்லை. ஆயினும் விசுவாசம் அழியவில்லை. அதைக் காத்தவர்கள் உபதேசியார்களும் கோயிற்பிள்ளைகளும், செபங்களை மனப்பாடமாகக் குழந்தைகளுக்கு ஊட்டிய தாய்மாருமே. இத்தகைய காலத்துக்கு வேண்டிய பயிற்சி முன்பே விதைக்கப்பட்டிருந்தது. கொள்ளிடக் கரையில் ஏலாக்குறிச்சியில் பணிபுரிந்த வீரமாமுனிவர் 'வேதியர் ஒழுக்கம்' என்ற நூலை உபதேசியார்களுக்கென்றே எழுதினார். அவர் 1747இல் மறைந்தார். தமக்குப் பின் வரப்போகும் வறட்சியை அவர் அறிந்திருக்க வழியில்லை. ஆனால் குருவின் கையில் மட்டும் விதை இருந்தால் போதாது என்பதை அறிந்திருந்தார்.

கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்திலும் இதுவே நடந்தது. 1658இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றியபின் கத்தோலிக்கக் குருக்களுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. 1687இல் கூலியாள் வேடத்தில் சென்ற புனித சூசை வாஸ், ஏறத்தாழ முப்பது ஆண்டு குருவின்றி வாழ்ந்த மக்களிடையே இன்னும் விசுவாசம் உயிரோடிருக்கக் கண்டார்.

இக்காலத்துக்கு வருவோம். 2004 திசம்பர் 26இல் கடல் பொங்கி நாகை, வேளாங்கண்ணிக் கரைகளை விழுங்கியது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பகுதியைப் புரட்டியது. பல சிற்றூர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டார் நின்றதும் ஊர்த்தொட்டி வறண்டது. காலடியில் நிலத்தடி நீர் இருக்க, மக்கள் குடிநீருக்கு அலைந்தனர். இறைக்கும் கருவியையும் வழக்கத்தையும் நாம் கைவிட்டிருந்தோம்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. நம்மாழ்வாரின் வழியில் நடந்த நெல் செயராமன், திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, மறைந்துகொண்டிருந்த நெல்லினங்களை மீட்டார். வெள்ளத்தில் நின்று விளையும் காட்டுயானமும், உவர் நிலம் தாங்கும் குழியடிச்சானும் மீண்டும் உழவர் கைக்கு வந்தன. அவர் கையாண்ட முறை எளியது. இரண்டு கிலோ விதை கொடுப்பார், மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். பூட்டி வைப்பதால் அன்று, பகிர்ந்து விதைப்பதால்தான் விதை பிழைக்கும் என்பதை 2018இல் தாம் மறையும்வரை அவர் செய்து காட்டினார்.

2020இல் பெருந்தொற்று வந்தபோது நம் கோயில்களும் மூடப்பட்டன. திருப்பலி நின்றது. சில வீடுகளில் தகப்பனே செபம் தொடங்கினார், தாயே நற்செய்தி வாசித்தார், பிள்ளைகள் மறுமொழி கூறினர். வேறு பல வீடுகளிலோ, தொலைக்காட்சித் திருப்பலி முடிந்ததும் என்ன செய்வதென்று எவருக்கும் தெரியவில்லை. கலாபக் காலத்து உபதேசியாரின் பேரப்பிள்ளைகள் நாம்!

ஆகையால் ஒவ்வொரு பங்கும், ஒவ்வொரு குடும்பமும் தன் குதிரைத் திறந்து பார்ப்பது நலம். சாவின் ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு நீர் ஊற்றித் தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் எவரும் திருமுழுக்குக் கொடுக்கலாம். இது நம் வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? குரு கிடைக்காத இடத்தில், இறைவன்மீது கொண்ட அன்பினால் எழும் உத்தம மனத்துயரும், இயன்றவுடன் பாவசங்கீர்த்தனம் செய்யும் உறுதியும் பாவமன்னிப்பைப் பெற்றுத் தரும் என்பதை இறக்கும் தறுவாயில் உள்ளவருக்கு எடுத்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? அடக்கச் செபத்தை நடத்த ஊரில் இருவரேனும் பயின்றிருக்கிறார்களா? அதுபோலவே, கிணற்றில் நீர் இறைக்க, காயத்துக்குக் கட்டுப் போட, உடைந்த கரையை அடைக்க, ஒரு மரக்கால் விதையைப் பழுதின்றிக் காக்க நம் இளைஞருக்குக் கற்றுத் தருவோர் யார்? இவற்றை அறிந்த முதியவர்கள் நம் பங்குகளில் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர்கள். பங்குப் பேரவை முதலில் அவர்களை அழைத்துக் கேட்கட்டும்.

எருசலேம் முற்றுகையிடப்பட்டு வீழ்ச்சி உறுதியாகிவிட்ட வேளையில், இறைவாக்கினர் எரேமியா அனத்தோத்தில் ஒரு நிலம் வாங்கினார். பத்திரத்தை மட்பாண்டத்தில் இட்டு நெடுங்காலம் கெடாமல் வைக்கச் சொன்னார். நகரம் பிழைக்கும் என்று அவர் எண்ணவில்லை. அழிவுக்குப் பின்னும் இந்த மண்ணில் உழவு நடக்கும், கொடிமுந்திரி காய்க்கும் என்ற இறைவனின் வாக்கை நம்பினார். நம் பாட்டிமார் குதிரில் விதைநெல்லை இட்டு மண்பூசி மூடியதும் அதே நம்பிக்கையால்தான். நமக்கு வந்து சேர்ந்த அந்த நெல் இப்போது நம் கையில் இருக்கிறது. பருவம் தவறுமுன் அதை விதைப்போம்.