காரணம் சொல்லும் கடமை: கொல்கத்தாத் துறைமுகக் கட்டணங்களின் கதை

துறைமுகக் கட்டணம் பொருளியலாருக்கு உரிய ஆய்வுப்பொருள். மொழியியல் படித்தவருக்கு அதில் என்ன வேலை என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கான விடையைச் சற்று விரிவாகவே இங்கு எழுதுகிறேன்.

சொல்லிலிருந்து தொடங்குவோம். ‘தாரிஃப்’ என்னும் சொல் அரபு மொழியிலிருந்து இத்தாலியம் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது. அரபு மூலத்தில் அதன் பொருள் ‘அறிவித்தல்’, ‘தெரியப்படுத்தல்’. நம்முடைய ‘கட்டணம்’ கட்டு என்னும் வினையிலிருந்து பிறந்தது. ஒரு சொல் வாங்குவோரின் கடமையைக் கூறுகிறது. மற்றொன்று கொடுப்போரின் கடமையைக் கூறுகிறது. துறைமுகக் கட்டணத்தின் வரலாறு இவ்விரு கடமைகளுக்கும் இடையிலான இழுபறியின் வரலாறு என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்த இழுபறி பழையது. காகதீய மன்னர் கணபதிதேவர் 1244-45-இல் ஆந்திரக் கடற்கரையின் மோட்டுப்பள்ளியில் ஒரு கல்வெட்டுப் பொறித்தார். புயலில் சிக்கிக் கரையொதுங்கிய கப்பல்களின் சரக்கை முன்னைய அரசர்கள் பறித்துக்கொள்வது வழக்கம். இனி வரையறுத்த சுங்கம் தவிர வேறெதுவும் கொள்ளப்படாது என்று அக்கல்வெட்டு வணிகர்களுக்கு உறுதியளிக்கிறது. ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ எனப் பெயர்பெற்ற முதற் குலோத்துங்கன் நீக்கியதற்காக நினைக்கப்படுகிறான். கணபதிதேவரோ வரையறுத்து அறிவித்ததற்காக நினைக்கப்படுகிறார். எனினும் ‘ஏன் இந்த விகிதம்?’ என்று கேட்க அக்கல்வெட்டில் இடமில்லை. அறிவித்தல் வேறு, காரணம் சொல்லுதல் வேறு. இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டு கொல்கத்தாவிற்கு வருவோம்.

கொல்கத்தா 1870-இல் துறைமுக ஆணையர்களின் நிருவாகத்தின்கீழ் வந்தது. 1890-ஆம் ஆண்டின் கல்கத்தாத் துறைமுகச் சட்டம் ஏறத்தாழ 85 ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. 1975-இல்தான் 1963-ஆம் ஆண்டின் பெருந்துறைமுக அறக்கட்டளைகள் சட்டம் அதன் இடத்திற்கு வந்தது. இவ்விரு காலங்களிலும் முறை ஒன்றே: துறைமுகம் விகிதங்களை வகுக்கும், அரசு ஒப்புதல் தரும், அரசிதழ் வெளியிடும்.

அந்த ஒப்புதலின் வலிமையைச் சென்னை வழக்கு ஒன்று காட்டுகிறது. சென்னைத் துறைமுக அறக்கட்டளைக்கும் அமின்சந்த் பியாரேலால் நிறுவனத்திற்கும் இடையிலான அவ்வழக்கில், சுங்கத் துறை சரக்கைத் தடுத்துவைத்திருந்த காலத்திற்கும் துறைமுகம் டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் கேட்டது. உச்ச நீதிமன்றம் 1975-இல் துறைமுகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அரசின் ஒப்புதல் பெற்ற விகிதப் பட்டியல் சாதாரணத் துணைவிதி அன்று. ஆகவே துணைவிதியைப் போல ‘நியாயமற்றது’ என்று கூறி அதைத் தள்ள இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம். சுருங்கச் சொன்னால், பட்டியல் அறிவிக்கப்பட்டது; அதற்குக் காரணம் சொல்லும் கடமை எவருக்கும் இருக்கவில்லை.

1990-களில் துறைமுகங்களுக்குள் தனியார் முனையங்களுக்கு இடம் தரப்பட்டது. நிலத்தின் உரிமையாளரான துறைமுகமே போட்டியாளராகவும் விலை வகுப்பவராகவும் இருப்பது பொருந்தாது என்னும் எண்ணம் வலுப்பெற்றது. 1997-இல் 1963-ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டு, மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட பெருந்துறைமுகக் கட்டண ஆணையம் அமைந்தது.

ஆணையம் விகிதத்தை எவ்வாறு வகுத்தது? 2005-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி, துறைமுகம் அடுத்த மூன்றாண்டுகளின் சரக்களவையும் செலவையும் மதிப்பிட்டுத் தர வேண்டும். செலவோடு மூலதனத்திற்குரிய வருவாயைக் கூட்டி, நடப்பு விகிதத்தில் கிடைக்கும் வருமானத்தை அதிலிருந்து கழித்தால் பற்றாக்குறையோ உபரியோ தெரியும். அதற்கேற்ப விகிதம் உயரும் அல்லது தாழும். மூன்றாண்டு கழித்துப் பழைய மதிப்பீட்டை உண்மைக் கணக்கோடு ஒப்பிட்டு மறுஆய்வு செய்வார்கள். 2015-ஆம் ஆண்டுக் கொள்கை இதை எளிமையாக்கியது: தணிக்கை முடிந்த மூன்றாண்டுச் செலவின் சராசரியோடு மூலதனத்தின்மீது 16 விழுக்காடு வருவாயைச் சேர்த்து உச்சவரம்பு காணப்பட்டது, அவ்வரம்பிற்குள் தன் விகிதங்களைத் துறைமுகமே அமைத்துக்கொள்ளலாம்.

கேட்பதற்கு வெறும் கணக்காகத் தோன்றும். கொல்கத்தாவில் அது ஆற்றைப் பற்றிய விவாதமாக மாறியது. கடலிலிருந்து ஏறத்தாழ 200 கி.மீ. உள்ளே ஹூக்ளி ஆற்றங்கரையில் அமைந்த துறைமுகம் அது. கப்பல் நெடுந்தொலைவு பைலட்டின் துணையோடுதான் வர வேண்டும். வண்டலைத் தொடர்ந்து தூர்வார வேண்டும். ஆழம் குறைவென்பதால் பெரிய கப்பல்கள் முழுச் சுமையோடு வர இயலாது. ஆற்றைப் பேணும் செலவு யாரைச் சேரும்? அதன் ஒரு பகுதியை மத்திய அரசு மானியமாக ஏற்றது. எஞ்சியதைக் கொல்கத்தாவும், 1977-இல் கீழாற்றில் தொடங்கிய ஹால்டியாவும் எவ்வாறு பகிர்வது? இரண்டிற்கும் தனித்தனி விகிதங்கள் இருந்தமையால் இக்கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை. சொந்தக் கடற்கரை இல்லாத நேபாளத்தின் சரக்கும் இவ்வழியே செல்வதால், அங்குள்ள நுகர்வோரையும் இவ்விடை தொடுகிறது.

இனி, ஆணையத்தின் உத்தரவுகளை ஒரு பனுவலாக நோக்குவோம். துறைமுகத்தின் முன்மொழிவு, பயனாளர்களின் கருத்து, அதற்குத் துறைமுகத்தின் மறுமொழி, கூட்டு விசாரணையில் பேசப்பட்டவை ஆகியன எண்ணிட்ட பத்திகளில் வரும். ஆணையம் எழுப்பிய வினா ஒரு பத்தியிலும் துறைமுகத்தின் விடை அதன் எதிரிலுமாக அட்டவணை அமையும். சரக்களவைக் குறைத்து மதிப்பிட்டால் விகிதம் உயரும் என்பதால் ‘இம்மதிப்பீட்டிற்கு ஆதாரம் என்ன?’ என்னும் வினா இயல்பாகவே எழும். இறுதியில், மேற்கூறிய காரணங்களாலும் கூட்டாக மனம் செலுத்தி ஆராய்ந்ததன் அடிப்படையிலும் ஒப்புதல் தருவதாக ஒரு நிலைத்தொடர் வரும். அலுவலக மொழியின் தேய்ந்த வாய்பாடுதான். ஆயினும் ‘மேற்கூறிய காரணங்கள்’ என்று எழுதுபவர், மேலே காரணங்களை எழுதியே ஆக வேண்டும். 1975-இல் நீதிமன்றம் கேட்காத கேள்விக்கு இந்த வாய்பாடு விடை கோரியது.

ஆணையத்தின் மீதான குறைகளும் மெய்யானவை. செலவோடு வருவாயைக் கூட்டும் முறையில் சிக்கனத்திற்கு ஊக்கமில்லை; சரக்குக் குறைந்தால் அலகுச் செலவு உயரும், விகிதம் உயர்ந்தால் சரக்கு மேலும் குறையும். ஒடிசாவின் தாம்ரா போன்ற தனியார் துறைமுகங்கள் ஆணையத்தின் வரம்பிற்குள் வரவில்லை. அவை விலையை உடனுக்குடன் மாற்றிக்கொள்ள, கொல்கத்தா உத்தரவிற்காகக் காத்திருந்தது. துறைமுகங்களின் உரிமையாளரான மத்திய அரசே ஆணையத்திற்குக் கொள்கை நெறிகளையும் வகுத்துத் தந்ததால் அதன் தன்னாட்சியும் அரைகுறையே.

இக்குறைகளின் முடிவாக 2021-ஆம் ஆண்டின் பெருந்துறைமுக அதிகார அமைப்புகள் சட்டம் வந்தது. விகிதம் வகுக்கும் உரிமை துறைமுக வாரியத்திடமே திரும்பியது. தகராறுகளைத் தீர்க்கத் தீர்ப்பாய வாரியம் ஒன்றிற்குச் சட்டம் வழிசெய்தது. அது அமையும்வரை பழைய ஆணையமே அப்பணியைச் செய்யும் என்றும் கூறியது. போட்டியுள்ள சந்தையில் விலையை விற்பவர் வகுப்பது முறைதானே என்று கேட்கலாம். பெருஞ்சரக்கு உடையவருக்கு அது பொருந்தும். அவர் வேறு துறைமுகத்திற்குச் செல்வார், அல்லது பேசித் தள்ளுபடி பெறுவார். ஓரிரு கொள்கலன் இறக்கும் சிறுவணிகர் என்ன செய்வார்? தகராறு எழுப்ப முதலில் கணக்குத் தெரிய வேண்டும். அந்தக் கணக்கை விகிதம் உறுதியாகும் முன்பே பொதுவில் வைத்தது பழைய முறையின் பயன்.

ஆணையம் மீண்டும் வர வேண்டும் என்பது என் வாதம் அன்று. விகிதத்தை வகுப்பவர் எவராயினும், அதன் கணக்கையும் பயனாளரின் மறுப்பையும் தம் விடையையும் ஒருங்கே வெளியிட வேண்டும் என்பதே. கணபதிதேவர் காலத்திலிருந்து ‘அறிவித்தல்’ வரை வந்துவிட்டோம். ‘காரணம் சொல்லுதல்’ இந்நாட்டின் துறைமுகங்களில் 24 ஆண்டுகளே வழக்கமாக நிலவியது. பொருளியல், சட்டம், மொழியியல் மாணவர்கள் அவ்வுத்தரவுகளில் ஒன்றையேனும் முழுமையாக வாசிக்க வேண்டுகிறேன். அரசு தன் குடிமக்களுக்கு விடைசொல்லும் மொழிநடை எவ்வாறு இருக்கும் என்பதற்கு அவை நல்ல சான்று.