பச்சிளங்குழந்தையின் மார்பெலும்புப் பிளவும் மயக்க மருத்துவமும்

கருவில் மார்பெலும்பின் இரு பாதிகளும் ஒன்றுசேராமல் போவதே மார்பெலும்புப் பிளவு. தோலுக்கடியில் இதயம் துடிப்பது கண்ணுக்குத் தெரியும். மிக அரிதாக இதயமே மார்புக்கு வெளியே இருக்கும். 2009இல் புது தில்லி எய்ம்ஸில் பீகாரைச் சேர்ந்த அத்தகைய சிசு ஒன்றின் இதயம் மார்புக்குள் வைக்கப்பட்டது. இத்தகைய சிகிச்சைகள் அறுவைத் திறமையின் வெற்றிகளாகவே பேசப்படுகின்றன. ஆனால் மார்பை மூடலாமா, கூடாதா என்பதற்கு விடை தருபவை மயக்க மருத்துவரின் அளவீடுகள்தாம்.

முதல் மாதத்தில் விலாக் குருத்தெலும்புகள் வளைந்துகொடுப்பதால் இரு பாதிகளையும் நேரடியாகத் தைத்துச் சேர்க்கலாம். அப்படிச் சேர்க்கும்போது இதயம் நெருக்கப்படும். அதற்குத் திரும்பும் ரத்தம் குறைந்து ரத்த அழுத்தம் சரியும், நுரையீரலை விரிக்கக் கூடுதல் காற்றழுத்தம் தேவைப்படும். எடைக்கு எடை பெரியவர்களைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு ஆக்சிஜன் செலவிடும் சிசு இதை நெடுநேரம் தாங்காது. தமனிக்குள் வைத்த குழாய் காட்டும் அழுத்தம் சரிந்தால், தையலைத் தளர்த்தச் சொல்ல வேண்டியவர் மயக்க மருத்துவரே. இக்குறையோடு முகத்திலும் கழுத்திலும் ரத்தநாளக் கட்டிகள் வரக்கூடும் என்பதால், மூச்சுக்குழாயிலும் அவை உண்டா என்று முன்பே பார்ப்பது அவசியம்.

மயக்க மருந்து வளரும் மூளையைப் பாதிக்கும், ஆகவே காத்திருக்கலாம் என்பது நியாயமான கவலை. மூன்று வயதுக்குட்பட்டோருக்கு 3 மணி நேரத்துக்கு மேல் மயக்கம் தருவது குறித்து அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016இல் எச்சரித்தது. தேவையான அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று 2017இல் தெளிவுபடுத்தியது. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த மயக்கம் ஐந்து வயதில் அறிவுத்திறனைக் குறைக்கவில்லை என 2019இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. நீண்ட அறுவைக்கு அந்த முடிவு அப்படியே பொருந்தாதுதான். ஆனால் காத்திருந்தால் மார்புச்சுவர் விறைத்து, அறுவை மேலும் கடினமாகும். மருந்தைக் குறைப்பதும் தீர்வாகாது. இந்தியாவில் பிறந்த கே. ஜே. எஸ். ஆனந்தும் உடன் ஆய்வாளர்களும் 1987இல் வெளியிட்ட ஆய்வில், ஃபென்டனில் என்ற வலிநீக்கி மருந்தைப் பெற்ற குறைமாதக் குழந்தைகளுக்கே அறுவைக்குப் பின் சிக்கல்கள் குறைவாக இருந்தன.

சாயர்புரம் போன்ற சிற்றூரில் பிறக்கும் குழந்தைக்கு இந்தச் சிகிச்சை எட்டுமா? வெளியே உள்ள இதயம் ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே தெரியக்கூடும். அப்போதே பிரசவத்தை இதய அறுவை வசதியுள்ள நகரில் திட்டமிட வேண்டும். தோல் மூடிய பிளவு பெரும்பாலும் பிறந்த பிறகே தெரியும். நன்றாக மூச்சுவிடும் குழந்தையை அவசரப்படாமல், உடல் குளிராமல் காத்து, எக்கோ பார்த்து அனுப்பலாம். எந்த மருத்துவமனைக்கு என்று முடிவெடுக்கும்போது, அங்கே சிசுக்களுக்கு மயக்கம் தந்து பழகியவரும், அறுவைக்குப் பின் வென்டிலேட்டரில் வைத்துக் கவனிக்கும் பிரிவும் உண்டா என்பதையே முதலில் கேட்க வேண்டும்.