நீர்வண்ணத் தெரு ஓவியம் (மலாயா, சிங்கப்பூர்)

பழங்கட்டடங்களையும் கடைத்தெருக்களையும் நேரில் பார்த்து நீர்வண்ணத்தில் தீட்டும் ஓவிய வகை. மலாயாவில் இதன் முன்னோடிகளுள் ஒருவர் பினாங்கில் வாழ்ந்த யோங் முன் சென் (1896–1962). சிங்கப்பூர் ஆற்றங்கரையை ஆசையோடு தீட்டிய லிம் செங் ஹோ (1912–1979), 1969இல் தொடங்கிய சிங்கப்பூர் நீர்வண்ணச் சங்கத்தின் நிறுவனர்களுள் ஒருவர். தாமே கற்றுத் தேர்ந்த ஓங் கிம் செங் (பி. 1945) 1990இல் சிங்கப்பூரின் கலாசாரப் பதக்கம் பெற்றார்.

வெயில் படும் சுவருக்குத் தாளின் வெண்மையையே விட்டுவைப்பது இவ்வோவியத்தின் அடிப்படை. கடைவீட்டின் அஞ்சடியில் (முன்புறக் கூரையிட்ட நடைவழியில்) தேங்கும் நிழல்தான் படத்துக்கு உயிர். அதை நீலமும் செம்பழுப்பும் கலந்து ஒரே பூச்சில் இட்டுவிட வேண்டும். காயும்போது மறுபடி தொட்டால் கலங்கிவிடும். இங்குள்ள ஈரக்காற்றில் தாள் மெதுவாகவே காயும் என்பதால் அடுத்த பூச்சுக்குப் பொறுமை வேண்டும்.

ஜோகூரின் உலு திராம் வட்டார ஓவியர்களுக்கு அருகிலுள்ள ஜோகூர் பாருவே நல்ல களம்: தான் ஹியோக் நீ சாலைக் கடைவீடுகள், 1900இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கர் பள்ளிவாசல், ராஜமாரியம்மன் கோயில். கோபுரச் சுதைச் சிற்பங்களை ஒவ்வொன்றாக வரையாமல் வண்ணத் துளிகளாலேயே உணர்த்துவது சிறப்பு.