கற்பிக்கும் எந்திரமும் தவறு செய்யும் உரிமையும்

கல்வி குறித்த நமது விவாதங்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடம், பாடநூல், ஆசிரியர் என்ற வட்டத்துக்குள்ளேயே சுற்றிவருகின்றன. வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருவருக்குத் தரப்படும் பயிற்சியை, குறிப்பாகக் கணினித் திரையில் படிவம் நிரப்பவும் மென்பொருளை இயக்கவும் சொல்லித்தரும் பாடங்களை, நாம் பொருட்படுத்துவதில்லை. அவற்றைப் படிக்க நேர்ந்தவர்களைக் கேட்டால் 'அதுவா, அடுத்து அடுத்துன்னு அமுக்கிட்டே போனா முடிஞ்சிரும்' என்பார்கள். இந்த அலட்சியமான பதிலுக்குப் பின்னால் ஏறக்குறைய நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. தவறு என்பது யாருடையது, அதை யார் படிப்பது என்ற கேள்வியே அந்த வரலாற்றின் அச்சு.

1

ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக உளவியலாளர் சிட்னி பிரெஸ்ஸி 1920களின் நடுவில் ஒரு சிறு பெட்டியைக் காட்சிக்கு வைத்தார். அதன் சாளரத்தில் ஒரு கேள்வி தெரியும். பக்கத்தில் நான்கு சாவிகள். எந்தச் சாவியை அமுக்கினாலும் அடுத்த கேள்வி வந்துவிடும். சரியான விடைகளை மட்டும் பெட்டி உள்ளுக்குள் எண்ணிக்கொள்ளும். ஒரு நெம்புகோலை மாற்றிவிட்டால் அதே பெட்டி வேறாக நடந்துகொண்டது. சரியான சாவியை அமுக்கும்வரை கேள்வி நகராது. முதல் நிலைக்குப் பெயர் பரீட்சை, இரண்டாவதற்குப் பெயர் கற்பித்தல். அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் உலகப்போரின்போது அமெரிக்க ராணுவம் பதினேழு லட்சம் பேரை அறிவுத்திறன் சோதனைக்கு உட்படுத்தியிருந்தது. போர் முடிந்ததும் அந்தப் பழக்கம் பள்ளிகளுக்குள் நுழைந்து, விடைத்தாள் திருத்துவதே ஆசிரியருக்குப் பெரும்பாடாயிற்று. பிரெஸ்ஸியின் பெட்டி அந்தச் சுமையைக் குறைக்க வந்தது. ஆக, பரீட்சைக்கென்று செய்யப்பட்ட கருவியோடு ஒட்டிக்கொண்ட ஒரு நெம்புகோலாகத்தான் எந்திரக் கற்பித்தல் பிறந்தது. வாங்க ஆளில்லாமல் 1932-ல் பிரெஸ்ஸி அந்த வேலையையே கைவிட்டார்.

2

1953-ல் பி. எஃப். ஸ்கின்னர் தன் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போனார். பிள்ளைகள் கணக்குப் போட்டுவிட்டு, அது சரியா தப்பா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்ததுதான் அவர் கண்ணில் பட்டது. 1954-ல் கட்டுரை எழுதினார். 1958-ல் 'சயன்ஸ்' இதழில் கற்பிக்கும் எந்திரங்கள் பற்றிய அவரது புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தது. பாடத்தைச் சிறுசிறு சட்டகங்களாக உடைப்பது, ஒவ்வொன்றிலும் மாணவரை விடை எழுதவைப்பது, உடனே சரியான விடையைக் காட்டுவது: இதுதான் அவரது முறை. இன்றைய திரைப்பாடங்களின் இலக்கணமும் இதுவே.

ஸ்கின்னரைத் திட்டுவது நம் போன்றவர்களுக்கு எளிது. புறாவைப் பழக்கியவர், மனிதனையும் புறாவாகப் பார்த்தவர் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. அந்த விமர்சனத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் இரண்டு விஷயங்களை நாம் கவனிக்கத் தவறுகிறோம். ஒன்று, நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறையை அவர் ஏற்கவில்லை. விடையை மாணவரே உருவாக்க வேண்டும் என்றார். இரண்டாவது இன்னும் முக்கியமானது. மாணவர் ஒரு சட்டகத்தில் தவறினால் அது சட்டகத்தின் குறை, எழுதினவர் அதைத் திருத்த வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. ஹார்வர்டில் அவரும் ஜேம்ஸ் ஹாலந்தும் தயாரித்த உளவியல் பாடம் மாணவர்களின் தவறுகளைப் படித்துப் படித்தே திருத்தப்பட்டு, 1961-ல் நூலாயிற்று. மாணவருக்கு விவாதிக்கும் உரிமையை ஸ்கின்னர் தரவில்லைதான். ஆனால் மாணவரின் தவறு, எழுதியவரின் மேசைக்குத் திரும்பிவந்தது.

அதே காலத்தில் அமெரிக்க விமானப்படைக்காகப் பழுதுபார்க்கும் பயிற்சியில் ஈடுபட்டிருந்த நார்மன் கிரவுடர் வேறு பாதையில் போனார். தவறு நடக்கட்டும், எந்தத் தவறோ அதற்கேற்ற விளக்கப் பக்கத்துக்கு ஆளை அனுப்பலாம் என்றார். கிளைவிடும் பாடம் இப்படித்தான் வந்தது. ஆனால் எந்தெந்தத் தவறுகள் சாத்தியம் என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பவர் ஆசிரியர்தான். அவர் கற்பனையில் இல்லாத தவறைச் செய்கிறவருக்குப் போக இடமில்லை.

3

எண்பதுகளில் இந்த இடைவெளியை நேருக்கு நேர் பார்த்தவர் லூசி சச்மன் என்ற மானிடவியலாளர். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் இருந்தவர். நகலெடுக்கும் எந்திரம் ஒன்றில், பயன்படுத்துபவருக்குப் படிப்படியாக வழிகாட்டும் உதவித் திரையை வைத்திருந்தார்கள். சச்மன் புதியவர்களை இரண்டிரண்டு பேராக அதன்முன் நிறுத்தி, வீடியோவில் பதிவுசெய்தார். பிறகு நடந்ததை நான்கு பத்திகளாகப் பிரித்து எழுதினார். மனிதர் செய்தவற்றில் எந்திரத்துக்குத் தெரியாதது, தெரிந்தது. எந்திரம் செய்தவற்றில் மனிதருக்குத் தெரிவது, அதன் பின்னுள்ள வடிவமைப்பாளரின் காரணம்.

முதல் பத்தி நிரம்பி வழிகிறது. 'இதைச் சொல்லுதா, அதைச் சொல்லுதா', 'ஏற்கனவே செஞ்சாச்சே', 'மறுபடி அதையே கேக்குதே' என்கிற தொனியிலான பேச்சு, குழப்பம், யூகம் எல்லாம் அதில்தான். இரண்டாவது பத்தியில் இருப்பதோ சில பொத்தான் அழுத்தங்கள். மனிதர்கள் புரிந்துகொள்ளப் போராடியது முழுக்க எந்திரத்தின் காதுக்கு எட்டாத இடத்தில் நடந்தது. 1987-ல் வெளியான அவரது நூல், திட்டங்களுக்கும் சூழலில் நிகழும் செயல்களுக்கும் உள்ள உறவைப் பற்றியது. அதை ஒரு மௌனப்படுத்தலின் ஆவணமாகவும் வாசிக்க முடியும்.

ஐபிஎம் ஆய்வகத்தில் ஜான் கரோல் குழுவினர், சொற்செயலி கற்ற அலுவலக ஊழியர்களைப் பார்த்து இன்னொன்றைச் சொன்னார்கள். கற்பவர்கள் கையேட்டை வரிசையாகப் படிப்பதில்லை. நேரே வேலையில் இறங்குகிறார்கள், தப்பாக யூகிக்கிறார்கள், சிக்கிக்கொள்கிறார்கள். இதைக் கற்பவரின் ஒழுங்கீனமாகக் கரோல் பார்க்கவில்லை. கற்றலே அப்படித்தான் என்றார். கையேட்டைப் பெரிதும் சுருக்கி, மீதமிருந்ததில் தவறிலிருந்து மீளும் வழிக்கு இடம் கொடுத்தார். 1984-ல் விவரிக்கப்பட்ட இன்னொரு முயற்சியில், தொடக்கநிலையில் ஆபத்தான கட்டளைகளை மட்டும் பூட்டிவைத்து மற்றதில் தாராளமாக விளையாட விட்டார்கள். 1990-ல் அவர் நூலுக்கு வைத்த பெயர் 'நூரம்பர்க் புனல்'. மண்டையில் புனல் வைத்து அறிவை ஊற்றலாம் என்ற பழைய ஜெர்மானியக் கேலியிலிருந்து எடுத்தது. பாவ்லோ ஃப்ரெய்ரே 'வங்கிமுறைக் கல்வி' என்று சாடியதும் இதே புனலைத்தான். பிரேசிலின் விவசாயிகளிடமிருந்து ஒருவரும் நியூயார்க் மாநிலத்துத் தட்டச்சர்களிடமிருந்து ஒருவரும் ஒரே இடத்துக்கு வந்துசேர்ந்தார்கள் என்பது யோசிக்கத்தக்கது.

4

ஆனால் தொழிலாக வளர்ந்தது கரோலின் வழி அல்ல. 1988-ல் விமானத் தொழில்துறையும், 1997-லிருந்து அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் திரைப்பாடங்களுக்குப் பொதுத்தரம் வகுக்க இறங்கின. அதன் விளைவு 'ஸ்கார்ம்'. 2001-ல் வந்த அதன் 1.2 பதிப்பு இன்றும் புழக்கத்தில் உள்ளது. பாடம், நிர்வாக மென்பொருளிடம் ஒரு ஊழியரைப் பற்றிச் சொல்ல அதில் ஆறு நிலைகள் உண்டு: தேறினார், முடித்தார், தோற்றார், முடிக்கவில்லை, புரட்டிப் பார்த்தார், தொடவே இல்லை. பெயர், நிலை, மதிப்பெண், செலவிட்ட நேரம் ஆகியவற்றை ஏற்பது நிர்வாக மென்பொருளுக்குக் கட்டாயம். எந்தக் கேள்விக்கு என்ன விடை சொன்னார் என்பதும், கற்பவர் எழுதும் கருத்தும் விருப்பப் பகுதிகள். ஏற்றாலும் ஏற்கலாம், விட்டாலும் விடலாம்.

இதன் அரசியல் என்ன? பயிற்சி கொடுத்தாயிற்று என்பதற்கு நிர்வாகத்திடம் பதிவு இருக்கிறது. நாளைக்கு ஒரு பிசகு நடந்தால் 'உனக்குத்தான் சொல்லிக்கொடுத்தோமே' என்று அந்தப் பதிவை எடுத்து நீட்டலாம். ஸ்கின்னரிடம் சட்டகத்தின் குறையாக இருந்த தவறு, இங்கே ஊழியரின் குற்றமாக இடம் மாறிவிட்டது. 2013-ல் வந்த அடுத்த தரம் நிறையப் பதிவுசெய்கிறது: இன்னார், இன்னது செய்தார், இதை. ஆனால் அந்த வாக்கியத்தின் எழுவாய் தன்னைப் பற்றி எழுதிக்கொள்வதில்லை. அவரைப் பற்றி எழுதப்படுகிறது.

பாடத்தைச் சுவாரஸ்யமாக்க வேண்டும் என்று இன்று பேசுகிறவர்கள் பொம்மைகளையும் புள்ளிகளையும் பதக்கங்களையும் சேர்க்கிறார்கள். பிரெஸ்ஸியும் சரியான விடைக்கு மிட்டாய் விழும்படி ஒரு இணைப்பைச் செய்துவைத்திருந்தார். அதனால் பெட்டியின் குணம் மாறிவிடவில்லை.

சங்கங்களிலும் இயக்கங்களிலும் இருப்பவர்கள் கேட்கக்கூடியது வேறொன்று. பாடம் தயாரிக்கிறவர் எழுதத் தொடங்குமுன், அந்தப் படிவத்தை நிரப்ப வேண்டியவர்கள் இருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்க வேண்டும். பத்துப் பேரில் எட்டுப் பேர் ஒரே கட்டத்தில் தடுமாறினால், மேலும் ஒரு பாடம் எழுதாமல் படிவத்தைத் திருத்த வேண்டும். பயிற்சியில் செய்யும் தவறு, செய்தவரின் பெயரோடு மேலாளரிடம் போகக்கூடாது; பெயரில்லாமல் பாடம் எழுதியவரிடம் போக வேண்டும். 'இது புரியல, ஏன்னா...' என்று எழுத ஒரு கட்டம் வேண்டும்; அது விருப்பப் பகுதியாக இருக்கக்கூடாது. இவற்றில் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை.