எத்தனை மூட்டை தாங்கும்?

பூதலூருக்கு ஒரு நாள் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. புது டயர்களின் அகலத்தை எல்லோரும் வியந்து நின்றோம். நெல் வண்டி ஓட்டிப் பழகிய பெரியவர் மட்டும், "தம்பி, இது எத்தனை மூட்டை தாங்கும்?" என்றார். காருக்குச் சொந்தக்காரர் சிரித்தார். சிரிக்கக்கூடிய கேள்வியா அது? டயரின் சரித்திரமே அதில் அடங்கியிருக்கிறது.

1888-ல் டன்லப் காற்றடைத்த டயருக்குப் பேடண்ட் வாங்கினார். அதில் பாரம் சுமப்பது காற்று. ரப்பரும் நூலும் அந்தக் காற்றைக் கட்டிக் காக்கும் பை. ஆதியில் பருத்தி நூல் அடுக்குகளை எண்ணித்தான் டயரின் பலத்தைச் சொன்னார்கள். வலுவான நைலான் வந்ததும் அடுக்குகள் குறைந்தன. பழைய கணக்கு மட்டும் பட்டப் பெயர்போல் ஒட்டிக்கொண்டது. திருவொற்றியூரில் 1946-ல் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளை, 1961-ல் டயர் உற்பத்தியில் இறங்கினார். இரண்டிலும் காற்றைக் கட்டுவதுதானே வித்தை!

இன்று கார் டயரின் பக்கவாட்டில் '91 எச்' என்றிருந்தால், அந்த ஒரு டயர் 615 கிலோ தாங்கும், மணிக்கு 210 கிலோமீட்டர் வரை ஓடலாம் என்று அர்த்தம். காருக்குக் குறித்த எண்ணுக்குக் குறைந்த டயரை அழகுக்காக மாட்டினால், அது பாரத்தில் நசுங்கி, சூடேறி, வேகத்தில் வெடிக்கக்கூடும். கட்டை வண்டியின் அச்சு முறிந்தால் நெல் சிந்தும், அள்ளிக்கொள்ளலாம். இங்கே சிந்துவது நெல் அல்லவே!