டாம் கிளான்சி (1947–2013)

அமெரிக்க நாவலாசிரியர். ராணுவத் தொழில்நுட்பத்தையே கதையின் முதுகெலும்பாக்கிய 'டெக்னோ திரில்லர்' வகையைப் பெருவாசகர்களிடம் கொண்டுசேர்த்தவர். பால்டிமோரில் பிறந்து, அங்குள்ள லயோலா கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தார். பார்வைக் குறைபாட்டால் ராணுவத்தில் சேர இயலவில்லை. காப்பீட்டு முகவராக இருந்தபடியே எழுதிய முதல் நாவல் 'தி ஹன்ட் ஃபார் ரெட் அக்டோபர்' 1984இல் வெளியானது. கடற்படை சார்ந்த நூல்களையே வெளியிட்டுவந்த நேவல் இன்ஸ்டிடியூட் பிரஸ் பதிப்பித்த முதல் புதிய நாவல் அது. 1975இல் சோவியத் போர்க்கப்பலொன்றில் வலேரி சாப்லின் நடத்திய கலகமே இதற்குத் தூண்டுதல். அதிபர் ரீகன் பாராட்டியதும் விற்பனை பன்மடங்கானது.

சோனார் ஒலியைக் கேட்டு நீர்மூழ்கியை அடையாளம் காண்பது போன்ற நுட்பமான வேலையை, துப்பறியும் கதையின் விறுவிறுப்போடு சொன்னதுதான் கிளான்சியின் பெரும் சாதனை. இத்தனைக்கும் அவர் நம்பியது எவருக்கும் கிடைக்கக்கூடிய நூல்களையும், கடற்படையினருடனான உரையாடல்களையும்தான். பாத்திரங்களில் ஆழமில்லை என்ற விமர்சனம் நியாயமானது. சிஐஏ ஆய்வாளராகத் தொடங்கி அதிபராகும் அவரது கதாநாயகன் ஜாக் ரயனுக்கும் அது பொருந்தும்.

'டெட் ஆஃப் ஹானர்' (1994) நாவலில் பயணிகள் விமானமொன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின்மீது மோதுகிறது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் இக்காட்சி பரவலாக நினைவுகூரப்பட்டது. இவர் 1996இல் இணைந்து நிறுவிய ரெட் ஸ்டார்ம் என்டர்டெயின்மென்ட், 'ரெயின்போ சிக்ஸ்' கணினி விளையாட்டை 1998இல் வெளியிட்டது. யூபிசாஃப்ட் இந்நிறுவனத்தை வாங்கியபின் அவ்விளையாட்டின் வரிசை மேலும் விரிந்தது.